கலாமணியின் லேப்டாப்

பையை மடியில் வைத்துக்கொள்வதா காலடியில் வைப்பதா என்று தெரியவில்லை. மடியில் வைத்தால் தொடை சுடுகிற மாதிரி இருக்கிறது. அணைத்து வைத்த லேப்டாப் எப்படிச் சுடும், எல்லாம் மனசுதான். காலடியில் வைத்தால் யாராவது தெரியாமல் மிதித்துவிடுவார்கள். மிதித்தால்தான் என்ன, கொடுத்துவிட்டுப் போகத்தானே வந்திருக்கிறேன், ஆனாலும் மிதிபடக் கூடாது. பெருந்துறை ரோட்டில் இவ்வளவு பெரிய கடை வந்ததே எனக்குத் தெரியாது. சுவர் முழுக்க டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே மீன், எல்லா மீனும் ஒரே பக்கமாகத் திரும்புகிறது. பழசைக் கொடுத்துப் புதுசு வாங்க வருகிறவர்களுக்குத் தனியாக நாற்காலி போட்டிருக்கிறார்கள், கையில் டோக்கன். எனக்கு முன்னால் ஒரு புருசன் பெண்டாட்டி, மிக்ஸியோடு. அந்தம்மா சேலை முந்தானையால் மிக்ஸியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். ஜாரின் மூடியைக் கழற்றி அதன் ரப்பரையும் துடைக்கிறாள். புருசன் போனில் இருக்கிறான். கொடுக்கப்போகிற பொருளை எதற்கு இப்படித் துடைக்கிறாள் என்று நினைத்தேன், நினைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, காலையில் நானும் இதன் திரையை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, மறுபடியும் துடைத்தேன். இடது ஓரத்தில் எச்சில் காய்ந்த தடம் ஒன்று இருந்தது. அதை மட்டும் முதலில் விட்டுவிட்டேன். அப்புறம் அதையும் துடைத்தேன்.

எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள் அப்பா, பாதி விலைகூட வராது, நாமே விற்றால் நல்ல விலை வரும் என்று மிருதுளா படித்துப் படித்துச் சொன்னாள். பெங்களூரில் இருந்துகொண்டே விளம்பரத்தை அவளே எழுதி நெட்டில் போட்டாள். படம் மட்டும் நான் எடுத்து அனுப்பினேன். கட்டில் மேல் வைத்து எடுத்திருந்தேன், அது ஆஸ்பத்திரிக் கட்டில், தலைமாட்டைத் தூக்குகிற கைப்பிடி படத்தில் தெரிகிறது, வேறு எடுங்கள் என்றாள். சாப்பாட்டு மேசையில் வைத்து எடுத்தேன். எழுதினதைப் படித்துக் காட்டினாள். தமிழில் வாசித்துச் சொல்லும் வசதி உண்டு, பேச முடியாதவர்களுக்கு உதவும். அது எதற்கு என்றேன். அதுதான்பா அதற்கு விலையே என்றாள். அவளுக்கும் கஷ்டம்தான், ஆனால் அவள் கஷ்டத்தை வேலையாக மாற்றிவிடுவாள், அப்படியே அவளுடைய அம்மா. போன்கள் வந்தன. ஒருத்தர் பெட்டி இருக்கிறதா என்றார். ஒருத்தர் ஒரு பழைய செல்போனும் கொஞ்சம் பணமும் தருகிறேன் என்றார். ஒரு காலேஜ் பையன், நல்ல பையன்தான், எதுக்கு சார் விக்கறீங்க என்று கேட்டான். வீட்டில் யாருக்கும் உபயோகமில்லை தம்பி என்றேன். பொய்யில்லை. ஆனால் போனை வைத்த பிறகு சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன். நாமே விற்பதென்றால் வருகிற ஒவ்வொருத்தருக்கும் அதைச் சொல்ல வேண்டும். மிருதுளா விலையைப் பார்க்கிறாள், நான் கேள்விகளைப் பார்க்கிறேன். கடையில் ஒரு கேள்வியும் கிடையாது. சார்ஜர் இருக்கிறதா, கீறல் இருக்கிறதா, அவ்வளவுதான்.

நானே வைத்துக்கொள்ளலாம் என்றுகூடப் பார்த்தேன். மின்வாரியத்தில் இப்போது எல்லாமே கம்ப்யூட்டரில்தான், ரிட்டயர் ஆவதற்குள் பென்சன் வேலையெல்லாம் முடிக்க வேண்டும், வீட்டில் ஒன்று இருந்தால் நல்லதுதான். ஒருநாள் சாயங்காலம் திறந்து என் பெயரை அடித்தேன். செ என்றது. ன் என்றது. அடிக்க அடிக்க அது படித்தது, அந்தப் பெண் குரலில், எந்த ஊருமில்லாத அந்தக் குரலில். நான் மூடிவிட்டேன். மூடியதும் அந்த அறையில் வந்த அமைதி, கலாமணி போன அன்றைக்குக்கூட அப்படி ஒரு அமைதி இல்லை, அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். கலாமணி சித்தோடு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற சத்தம். முதலில் வாக்கியத்தின் கடைசிச் சொல் காணாமல் போக ஆரம்பித்தது. சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துவிடும், மிச்சம் மூக்கு வழியாகப் போய்விடும். பல்லில் கோளாறு என்று ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். பாவம், நல்ல பல். அப்புறம் கோயமுத்தூர். அந்த டாக்டர் நான் என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு, எனக்குப் புரியட்டும் என்று இப்படிச் சொன்னார்: ஸ்விட்ச் நல்லாயிருக்கு, பல்பும் நல்லாயிருக்கு, நடுவுல போற ஒயர்தான் ஒவ்வொண்ணாச் செத்துட்டு வருது. எத்தனை மழையில், எத்தனை கம்பத்தில் ஏறி ஒயர் மாற்றியிருக்கிறேன். அவர் ஒயர் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கை இருந்தவரை ஆள்காட்டி விரலால் அடித்தாள். கை போனதும் கன்னத்துக்குக் கீழே ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தார்கள். திரையில் எழுத்துகள் மேல் ஒரு மஞ்சள் கட்டம் நகர்ந்துகொண்டே போகும், வேண்டிய எழுத்துக்கு வரும்போது கன்னத்தை அசைக்க வேண்டும். தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு வார்த்தைக்குள் எனக்கு அடுப்பில் பால் பொங்கிவிடும். நான் பாதியிலேயே கண்டுபிடித்துச் சொல்வேன், தலையணையா, தலைவலியா என்று. அவளுக்குப் பிடிக்காது, கண்ணை மூடிக்கொள்வாள், முழுசாக அடித்து முடித்த பிறகுதான் கண்ணைத் திறப்பாள். அதிலும் ஒவ்வொரு தடவையும் ஏனுங்க என்று ஆரம்பிப்பாள். இங்கேயேதானே உட்கார்ந்திருக்கிறேன் கலா, கூப்பிட வேண்டாம், நேராக விஷயத்தைச் சொல்லு என்று கெஞ்சியிருக்கிறேன். கேட்கவில்லை. அந்தக் குரலுக்கு ஏனுங்க சொல்லத் தெரியவில்லை, ஏன் உங்க என்று இரண்டாகப் பிளந்து சொன்னது. அவள் எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு மத்தியானம் முழுக்கப் போராடி, கிட்டத்தட்டச் சரியாகச் சொல்ல வைத்தாள். அதை ஒரு தனிக் கட்டமாகத் திரையின் மேலேயே வைத்துக்கொண்டாள். கணக்கு வந்துவிட்ட பிள்ளை மாதிரி அன்றைக்கு அவள் முகம்.

மிக்ஸிக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்தது நான்தான். போய்க் கொடுத்துவிட்டு, புதுசு ஒன்று சின்னதாக வாங்கிக்கொண்டு, பஸ் ஏறிவிட வேண்டும். நேற்று வந்த அந்தப் போனை மட்டும் மறந்துவிட்டால் போதும். நேற்று சாயங்காலம், செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. பெயர் மாதேஸ்வரன், அந்தியூர் பக்கம், தனியார் பஸ்ஸில் கண்டக்டர், லேப்டாப் தன் மச்சானுக்கு வேண்டும் என்றார். இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசிச் சொல் மூச்சாகிப் போனது, மிச்சம் மூக்கு வழியே வந்தது. கையிலிருந்த குழாய் அதுபாட்டுக்கு என் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. உங்க மச்சானுக்கு என்னங்க என்று கேட்டேன், ஏன் கேட்டேன். நாக்கு கொஞ்சம் மடங்கறதில்லீங்க, மத்தபடி நல்லாத்தான் இருக்கறாரு என்றார். பிறகு, நான் கேட்காமலே, குடியெல்லாம் கெடையாதுங்க என்றார். பின்னால் ஒரு பெண், பொறுமையாப் பேசுங்க என்று அவரிடம் சொன்னது கேட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ராத்திரி மிருதுளாவிடம் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் பையை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

ஓடி வந்திருக்கிறேன், அதுதான் உண்மை. அவர் வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும். கட்டிலைப் பார்ப்பார். சளி உறிஞ்சுகிற மிஷினைப் பார்ப்பார், அதை இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பவில்லை. சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்ப்பார். அப்புறம் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் என்ன பதில் சொல்ல. அவருக்கு எதற்கு அப்புறம் எது வரும் என்று எனக்குத் தெரியும், பஸ் ரூட் மாதிரி வரிசையாகத் தெரியும், எந்த இடத்தில் விரல் நிற்கும், எந்த இடத்தில் தண்ணீர்கூடப் புரையேறும், கழுத்து எப்போது சாயும். தெரிந்துகொண்டே ஒரு மனுசனிடம் சார்ஜர் இது, பேட்டரி இவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. அவர் இதை வாங்கிக்கொண்டு போய் வைத்த பிறகு, அந்தியூர் பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டில், எனக்குத் தெரியாத ஒரு சமையலறை வரைக்கும், இந்தக் குரல் கேட்கும். தண்ணி என்று கேட்கும். திருப்பிப் படுக்க வைங்க என்று கேட்கும். அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். பிறகு ஒருநாள் அங்கேயும் நின்றுபோகும். அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். கலாமணி இன்னும் எத்தனை வீட்டில் படுக்க வேண்டும். வேண்டாம். இங்கே கொடுத்துவிட்டால் முடிந்துவிடும். அவருக்கு வேறு லேப்டாப் கிடைக்காமலா போகும், கடை கடையாகக் கிடக்கிறது, அந்த மென்பொருளும் கிடைக்கும், யாராவது போட்டுக் கொடுப்பார்கள். யாராவது. எங்களுக்கு அந்த யாராவது கிடைக்க எவ்வளவு காலமாயிற்று. அதை நினைக்காதே. டோக்கனைப் பார். மீனைப் பார்.

கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு பெண், சட்டையில் சுகன்யா என்று பெயர் குத்தியிருந்தது, மிருதுளாவைவிட வயது குறைவு. வாங்க சார், உட்காருங்க என்று சொல்லி லேப்டாப்பைப் பையிலிருந்து அவளே எடுத்தாள், இரண்டு கையாலும் எடுத்தாள், அது எனக்குப் பிடித்திருந்தது. திருப்பிப் பார்த்தாள், மூலைகளைத் தடவிப் பார்த்தாள், நல்லா வெச்சிருக்கீங்க சார் என்றாள். கீபோர்டு புதுசாட்டமே இருக்குதே என்றாள். ஆமாம்மா, அதிகம் அடிக்கவில்லை என்றேன். திறந்தாள். திரை வந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், கேமரா, சார்ஜ், நெட். ஸ்பீக்கர் பாத்துடலாம் சார் என்றாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் திரையின் மேலே இருந்த முதல் கட்டத்தைத் தொட்டாள். சத்தம் முழுசாக வைத்திருந்தது, நான் கொல்லையில் இருந்தாலும் கேட்க வேண்டும் என்று வைத்தது. ஏனுங்க என்றது அது.

"என்ன கலா" என்றேன்.

எழுந்து நின்றுகொண்டிருந்தேன். நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் அதற்கப்புறம்தான் எனக்குக் கேட்டது. பக்கத்து மேசையில் மிக்ஸிக்கார அம்மா திரும்பிப் பார்த்தாள், அவள் புருசன்கூட போனிலிருந்து நிமிர்ந்தான். சுகன்யா திரையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாரி சார் என்று மெதுவாகச் சொன்னாள், எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். இதை அப்புறம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். உள்ள இருக்கறதெல்லாம் அழிச்சுருவோம் சார், பயப்படாதீங்க, ஒண்ணும் வெளிய போகாது என்றாள். அதன் பிறகு? பழசானதைத் திருப்பி விற்க மாட்டார்களாம், பாகம் பாகமாகப் பிரிக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். நான் இதைக் கேட்கத்தான் வந்தேன். இந்தச் சொல்லைத்தான், பிரித்துவிடுவார்கள் என்பதைத்தான், வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன். விலையை எழுதி, கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டி பேனாவைத் திருப்பி வைத்தாள்.

பேனாவைக் கையில் எடுத்தபோது ஒரு நினைப்பு வந்தது, அழிப்பதற்கு முன்னால் அவளுடைய குரலை ஒரு தடவை மனசுக்குள் கேட்டுக்கொள்ளலாம் என்று. இந்தக் குரலை அல்ல, கலாமணியின் குரலை. கல்யாணமான புதுசில் பவானி கூடுதுறையில் படியில் நின்றுகொண்டு, தண்ணி இப்படிச் சில்லுனு இருக்குது, எறங்காதீங்க என்றாளே, அதை நினைத்தேன். வந்தது. ஆனால் இந்தக் குரலில் வந்தது. ஆற்றுத் தண்ணீர் இருந்தது, அவள் கட்டியிருந்த மாம்பழக் கலர் சேலை இருந்தது, உதடு அசைந்தது, சத்தம் மட்டும் இந்த மிஷினுடையது. வேறொன்றை நினைத்தேன். மிருதுளா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னது. அதுவும் இந்தக் குரல். சண்டை போட்டுக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினபோது வாசலில் நின்று சொன்னது. அதுவும். செல்போனில் இருக்கிற வீடியோ எல்லாவற்றையும் எடுத்தது அவள்தான், அதனால் எதிலும் அவள் இல்லை, இங்க பாருங்க என்று ஒரு சொல் மட்டும் கேமராவுக்குப் பின்னாலிருந்து வரும். அவ்வளவுதான் மிச்சம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அந்தப் பெண் முதல் நாளே சொன்னாள், இன்னும் முன்னாடியே வந்திருந்தா மேடத்தோட குரலையே பதிஞ்சு இதுல போட்டிருக்கலாம் சார் என்று. அப்போது கலாமணியிடம் பதிவதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பல்லைப் பிடுங்கிய டாக்டர் சொல்லவில்லை, கோயமுத்தூர் டாக்டருக்கு ஒயர்தான் தெரிந்தது. நேற்று அந்த மனுசன் போனில் பேசினார். மூக்கு வழியாகவோ, மூச்சு தீர்ந்தோ, எப்படியோ, பேசினார். அவரிடம் இன்னும் இருக்கிறது. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பேனாவை வைத்தேன். எக்ஸ்சேஞ்ச் வேண்டாம்மா, வீட்டில் ஒருத்தருக்கு இது தேவைப்படுகிறது என்று சுகன்யாவிடம் சொன்னேன். லேப்டாப்பை மூடி, சார்ஜர் ஒயரை அழகாகச் சுற்றி, பையில் வைத்துக் கொடுத்தாள்.

வெளியே வெயில். கடைப் படியின் ஓரத்தில் நிழலாக இருந்த இடத்தில் உட்கார்ந்து நேற்றைய நம்பரைத் தேடி எடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்ததெல்லாம் மணி அடிக்கும்போதே போய்விட்டது.

"மாதேஸ்வரன்ங்களா? லேப்டாப் விசயமாப் பேசினோமே, சென்னியப்பன்."

சொல்லுங்க என்றார். நேற்றைவிடக் களைத்த குரல். "மச்சானுக்குன்னு சொன்னீங்க. உங்களுக்குத்தானுங்களே?" என்றேன்.

ரோட்டில் ஒரு டேங்கர் லாரி போயிற்று, போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஆமாங்க" என்றார்.

என் மனைவிக்கும் இதேதான், அவர்கள் பேசின மிஷின்தான் அது என்றேன். இப்ப அவங்க, என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். விற்கிறேன் என்பதிலேயே அவருக்குப் பதில் இருந்திருக்க வேண்டும். ஆடி மாசம் தவறிட்டாங்க என்று நானே சொன்னேன். சொல்லிவிட முடிந்தது. ராத்திரியெல்லாம் எதைச் சொல்லப் பயந்தேனோ அதைக் கடைப்படியில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டேன். அவர் அதற்கு ஆறுதல் சொல்ல முயன்றார், வார்த்தை கூடிவரவில்லை, விட்டுவிட்டார். விலை எவ்வளவுங்க என்றார். பணம் வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன், அதற்குள் சும்மா வேண்டாங்க என்று அவரே சொன்னார். எக்ஸ்சேஞ்ச் கடையில் போட்ட விலையைக் கொடுங்கள் போதும், நாளைக்கு நானே கொண்டுவந்து எல்லாம் சொல்லித் தருகிறேன் என்றேன். அதில் சத்தமாகக் கூப்பிட முடியுமா என்று கேட்டார், பஸ்ஸில் கூப்பிடுகிற மாதிரி. முடியும் என்றேன். ஆனால் ஒன்று இருக்கிறது, அதை இன்றைக்கே செய்ய வேண்டும் என்றேன்.

"உங்க சத்தத்தையே போன்ல பதிஞ்சு வைங்க. அப்படியே அதுல ஏத்திக்கலாம். தண்ணி, சோறு, வலின்னு மட்டும் பேசி வெக்காதீங்க. வீட்டுல ஆரை எப்படிக் கூப்புடுவீங்களோ அப்படியே கூப்பிட்டு வைங்க. கோவத்துல வையறதா இருந்தாலும் வஞ்சு வைங்க. எங்களுக்கு இதை ஆரும் சொல்லலீங்க."

சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. தன் பேச்சு இப்போதே யாருக்கும் புரிவதில்லை என்றார், பஸ்ஸில் ஏறினவர்கள் குடித்திருக்கிறான் என்று முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள், இரண்டு மாசமாக வண்டிக்குப் போகவில்லை என்றார். இதையெல்லாம் சொல்ல அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. நான் நடுவில் ஒரு சொல்லையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"வீட்டுல இருக்கறவங்களுக்குப் புரியுதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். ஒரு பெயர். யாழினியாக இருக்கலாம், நடுவில் இருக்க வேண்டிய எழுத்து தேய்ந்துபோய், காற்றாகத்தான் வந்தது. வேறு யாராவது கேட்டிருந்தால் அதைப் பெயர் என்றே எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இரண்டாவது தடவை கூப்பிட அவர் மூச்சு இழுப்பது கேட்டது.

அதற்குள், வீட்டின் எங்கோ ஒரு மூலையிலிருந்து, "வர்றேம்ப்பா" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல்.